முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு...



அம்மாவுக்கு முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து இணைக்கும் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பியபோது கையில் மாத்திரைச் சீட்டுதான் இருந்தது. படுக்கையில் இடுப்பை முறுக்காமல், தோளையும் இடுப்பையும் ஒருசேரப் புரட்ட வேண்டும் என்பதையே ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து காட்டிய பிறகுதான் கற்றோம். ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுந்த அன்றுதான் அம்மாவின் முகம் தெளிந்தது. எலும்பு ஒன்றுசேரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது.

2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) உண்டு. எங்கள் தெருவில் பலருக்கு இது தெரியவில்லை. டிஸ்சார்ஜ் செய்யும்போதே இதை எடுத்துச் சொல்லி, புரளும், எழும் முறைகளை வீட்டாருக்கு ஒருமுறையாவது செய்து காட்டி அனுப்ப மருத்துவமனைகளுக்குச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– வாசகி, திருச்சி