குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் லைக் போட்டுவிட்டுப் போகாமல் கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் அண்ணன் மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். வீடு அருமை. தரையில் முகம் தெரிகிறது. மாடிப் படுக்கையறையோடு சேர்ந்த குளியலறையைத் திறந்து பார்த்தேன். சுவரில் புத்தம் புது கேஸ் கீசர். புகைக்குழாய் இல்லை. குளிர் வரக்கூடாது என்று வென்டிலேட்டரைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். "இதைக் கழற்றி வெளிச்சுவரில் வைப்பா" என்றேன். "அத்தை, ரிட்டயர் ஆகியும் கிளாஸ் எடுக்கறதை விடலையே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். விசேஷ வீட்டில் மேலே பேசக்கூடாது என்று இலையில் உட்கார்ந்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டது தப்பு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் மெழுகுவர்த்தியை ஏற்றி அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? சுடர் சுருங்கி அணைந்ததும் "காற்று தீர்ந்துபோச்சு டீச்சர்" என்று கத்துவீர்கள். மூடிய குளியலறையும் அந்த டம்ளர்தான். அதற்குள் நிற்பது நீங்கள்.

இனி ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 6 லிட்டர் கொடுக்கும் கீசர் முழுவீச்சில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸ் எரியும். 1 கிலோ கேஸ் முழுமையாக எரிய 15 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். கால் மணி நேரக் குளியலுக்குக் கால் கிலோ கேஸ், ஏறக்குறைய 4 கிலோ காற்று. 5 அடிக்கு 6 அடி, 8 அடி உயரம் உள்ள குளியலறையில் எவ்வளவு காற்று இருக்கும்? நம் மலை உயரத்தில் 7 கிலோகூட வராது. அதில் பாதிக்கு மேல் அடுப்பே தின்றுவிடுகிறது. இதில் நீங்களும் மூச்சு விட வேண்டும்.

ஆனால் காற்று தீரும் வரை ஆபத்து காத்திருக்காது. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்ததுமே தீ அரைகுறையாக எரியத் தொடங்கும். அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலை வலிக்கும், குமட்டும், கால் தளரும். தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது கை எழாது.

இது புத்தகத்தில் படித்தது மட்டுமல்ல. எங்கள் வீட்டுக் குளியலறைக்குள்ளும் பல வருடம் கீசர் இருந்தது. குளித்துவிட்டு வந்தால் அவருக்குத் தலைவலி வரும். பித்தம் என்று நினைத்து சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பேன். ஒரு மார்கழிக் காலையில் உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். டம்ளரைக் கவிழ்த்துப் பாடம் நடத்தியவள் வீட்டிலேயே இதுதான் நடந்தது. அந்த வெட்கத்தை மறைக்காமல் சொன்னால்தான் உங்களைக் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

நீங்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்குத் தெரியும்.

"கசிந்தால் வாசனை வருமே டீச்சர்." அந்த வாசனை எரியாத கேஸுக்காகச் சேர்க்கப்பட்டது. எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு அது கிடையாது. கேஸ் கசிவைக் காட்டும் அலாரமும் இதைக் காட்டாது. இதற்கென்று தனி அலாரம் இருக்கிறது.

"இத்தனை வருஷமா ஒன்றும் ஆகலையே." நேற்று வரை இடுக்கு வழியாகக் காற்று வரும் மர ஜன்னல் இருந்தது. இன்று ரப்பர் வைத்து இறுக மூடும் ஜன்னல் போட்டுவிட்டீர்கள். பர்னரிலும் வருடா வருடம் கரி படிகிறது. பழைய கீசராகவே இருந்தாலும் பழைய நிலைமை இல்லை.

"பிளம்பர்தான் இங்கே மாட்டச் சொன்னார்." அவருக்குக் குழாய் நீளம் மிச்சம். கீசரோடு வந்த கையேட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா? எங்கள் வீட்டுக் கையேட்டில் குளியலறைக்குள் மாட்டாதே என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பரணில் கிடந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் எடுத்துப் படித்தேன்.

நம் பாட்டிமார் வெந்நீர் அடுப்பைப் புழக்கடையில்தான் வைத்தார்கள். விறகுப் புகை கண்ணைக் கரித்ததால் அவர்களுக்குப் புரிந்தது. கேஸ் கண்ணைக் கரிப்பதில்லை. அதனால் நாம் அடுப்பைக் குளிக்கும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டோம்.

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் வீட்டு 'டைரக்ட் வென்ட்' அடுப்பைப் பாருங்கள். சுவரைத் துளைத்துக் குழாய்க்குள் குழாய் போகும். உள்குழாய் வழியே புகை வெளியேறும், வெளிக்குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். தீ எரியும் பெட்டி முழுவதும் அடைபட்டிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் காற்றை அது தொடுவதில்லை. அடுப்பை வீட்டுக்குள் வைப்பதென்றால் அப்படி வைக்க வேண்டும். அதற்காக நீங்களும் அலட்சியமாக இருக்காதீர்கள். 2008இல் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் கேஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2013இல் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே வந்தது. குழாய் முனையைப் பனி மூடியிருக்கிறதா, குருவியோ குளவியோ கூடு கட்டியிருக்கிறதா, கண்ணாடியைச் சுற்றியுள்ள அடைப்பு கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். வருடம் ஒருமுறை தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

இங்கே இருப்பவர்களுக்கு வீட்டுப்பாடம்:

1. கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த வெளிச்சுவரில், மழை படாமல் மாட்டுங்கள். உள்ளே வெந்நீர்க் குழாய் மட்டும் வரட்டும். புகை திரும்ப உள்ளே வராதபடி ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

2. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கரி படிந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

3. மாற்றி வைக்கும் வரை பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட விட்ட பிறகே குளிக்கப் போங்கள். பிடிக்கும்போதும் கதவு திறந்தே இருக்கட்டும்.

4. யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னலைத் திறங்கள், கேஸை மூடுங்கள், ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். 108க்கு அழையுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

கீசரை இடம் மாற்ற ஆகும் செலவு, கிரகப்பிரவேசத்தன்று வாசலில் கட்டிய பூ அலங்காரத்துக்கு ஆனதைவிட அதிகம் இருக்காது. அண்ணன் மகனும் இதைப் படிப்பான். கோபப்பட்டாலும் பரவாயில்லை தம்பி. அந்த மாடி அறையில்தான் என் பேத்தி குளிக்கப்போகிறாள். கழற்றிவிட்டு ஒரு போட்டோ அனுப்பு. அதுவரை தினமும் காலையில் போன் செய்வேன்.

மற்றவர்கள் எழுந்து போய் உங்கள் வீட்டுக் குளியலறையைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து கீழே எழுதுங்கள். வருகைப் பதிவு எடுப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்