என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கும் ஊர்

கையில் அரிப்பு என்று சொன்னால் நம் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். கத்தரிக்காயா, கருவாடா, மொச்சையா? "அதெல்லாம் கரப்பான் பண்டம், நிறுத்துங்க" என்று கையோடு தீர்ப்பும் வந்துவிடும். இரண்டு வருஷம் விரல்நுனிகள் வெடித்துக் கிடந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தக் கேள்வியை நாம் மாற்ற வேண்டும். கைக்கு வந்த வியாதிக்கு வாயை விசாரிப்பதை விட்டுவிட்டுக் கையை விசாரிக்க வேண்டும். "நாள் முழுக்க இந்தக் கை எதைத் தொடுது?" என்பதுதான் சரியான கேள்வி.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி அரசில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆகி, திருநாவலூரில் வீட்டோடு இருப்பவன் நான். மனைவிக்கு முழங்கால் வலி வந்த பிறகு, காலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பூண்டும் சின்ன வெங்காயமும் உரிப்பது என் டிபார்ட்மென்ட் ஆயிற்று. ஒரு மழைக்காலத்தில் இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனிகளும் தடித்துக் காய்ந்து, பிறகு பிளந்தன. சட்டைப் பொத்தான் போட முடியாது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் உயிர் போகும். ராத்திரியில் அரிப்பு தூங்க விடாது.

கத்தரிக்காய் நின்றது. கருவாடு நின்றது. வேப்பிலை அரைத்துப் போட்டார்கள். ஒரு மெடிக்கல் ஷாப்பில் ட்யூப் ஒன்று கொடுத்தார்கள். போட்டால் நாலு நாளில் அடங்கும், விட்டால் வட்டியோடு திரும்பி வரும். ஒரு டாக்டர் சர்க்கரை பார்த்தார். இன்னொருவர், "வயசாச்சு, தோல் காயத்தான் செய்யும்" என்றார். இத்தனை பேரில் ஒருவர்கூட நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை.

கேட்டது ஜிப்மர் தோல் பிரிவில் இருந்த ஓர் இளம் டாக்டரம்மா.

"ஐயா, என்ன வேலை பாக்குறீங்க?"

"ரிடையர் ஆயிட்டேம்மா."

"அது உங்களுக்கு. உங்க கைக்கு இப்ப என்ன வேலை?"

பாத்திரம் தேய்ப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பூண்டு என்றதும் நிமிர்ந்தார். "எந்தக் கையில பூண்டைப் பிடிப்பீங்க?" நான் பேசாமல் இடது கையைக் காட்டினேன். வலது கை கத்தி பிடிக்கும் கை, அதில் ஒன்றுமில்லை. பூண்டுப் பல்லைப் பிடிக்கும் மூன்று விரல்களில் மட்டும்தான் வியாதி. என் கையே வாக்குமூலம் எழுதி வைத்திருக்கிறது, அதுவரை வாசிக்க ஆள் இல்லை.

அதற்கு மேல் சந்தேகம் தீர, முதுகில் ஒரு சோதனை. பேட்ச் டெஸ்ட் என்கிறார்கள். சின்னச் சின்ன வில்லைகளில் ரப்பர், உலோகம், வாசனைப் பொருள், பூண்டு என்று வரிசையாக வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது. பிறகு பிரித்துப் பார்த்து, மேலும் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். எது ஒவ்வாதோ அந்த இடம் சிவந்து தடித்து நிற்கும். 1895-ல் யாடாசோன் என்ற ஜெர்மன் டாக்டர் தொடங்கிவைத்த முறை. நூற்று முப்பது வருஷப் பழைய சோதனை இன்றும் நடக்கிறது என்றால், அது கேட்கும் கேள்வி சரியான கேள்வி என்றுதானே அர்த்தம்?

என் முதுகில் பூண்டு வைத்த இடம் மட்டும் சிவந்தது. பூண்டில் டைஅல்லைல் டைசல்ஃபைட் என்று ஒரு பொருள் இருக்கிறதாம். பெரும்பாலான கையுறைகளைக்கூட அது ஊடுருவி விடுமாம். ஆகவே உரிப்பதை நிறுத்துவதுதான் வழி. ஆனால் சமைத்த பூண்டைச் சாப்பிட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. பூண்டுக் குழம்பு இன்றும் சாப்பிடுகிறேன், கைக்கு ஒன்றும் வரவில்லை. எல்லோருக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். என் விஷயத்தில் குற்றவாளி வாய் வழியாக வரவில்லை, விரல் வழியாக வந்தான்.

இப்போது மகன் உரித்த பூண்டைப் பாக்கெட்டில் வாங்கி வருகிறான். என் கை ஆறிவிட்டது. ஆனால் அந்தப் பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். இதை உரித்த கை யாருடையது? அந்தக் கை எப்படி இருக்கிறது?

நம்மைச் சுற்றியுள்ள கைகளைக் கொஞ்சம் பாருங்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பண்ருட்டி. முந்திரிக்குப் பேர் போன ஊர். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சேராங்கொட்டை பட்டால் புண்ணாகும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம், மாமரமும் அதே குடும்பம்தான். கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் எண்ணெயையும் சாம்பலையும் பூசிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல்கள் கறுத்துத் தோல் உரியும். சேராங்கொட்டைப் பாலால் வண்ணார்கள் துணிக்குக் குறி போடுவது நம்மில் பலர் பார்த்ததுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அந்தக் குறி பட்ட இடத்தில் தோல் வெந்துபோக, டாக்டர்கள் அதற்கு 'டோபி மார்க் டெர்மடைட்டிஸ்' என்று பெயரே வைத்துக் கட்டுரை எழுதினார்கள். சிப்பாயின் கழுத்துக்குப் பெயர் கிடைத்தது. கொட்டை உடைத்தவளின் விரலுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

கொத்தனாரின் கையைப் பாருங்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமையையும் உண்டாக்கும். வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது. ஐரோப்பாவில் 2005 முதல் சிமெண்டில் அந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். வரப்பில் பார்த்தீனியச் செடியை வெறுங்கையால் பிடுங்குகிறவரின் கையைப் பாருங்கள். கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க உட்காரும் பெண்களின் கைகளையும் பாருங்கள். சோப்பு, தண்ணீர், புளி, மிளகாய், சாம்பல் என்று நாற்பது ஐம்பது வருஷம் பார்த்த கைகள். எங்கள் தலைமுறையில் எந்த வீட்டிலும் அது வியாதியாக எண்ணப்படவில்லை. "பொம்பளை கை அப்படித்தான் இருக்கும்" என்பதோடு முடிந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆரம்பப் பள்ளியில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைப் பற்றிய பாடம் என்று அர்த்தம். உப்பு, சுண்ணாம்பு, சோப்பு என்று ஒரு பொருளை மேஜைமேல் வைத்து, தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதைச் சொன்னால் வாத்தியாருக்குப் பிடிக்காது. கை வியாதியில் நமக்குத் தேவைப்படுவது அந்தப் பாடம்தான். இத்தாலியில் ராமஸ்ஸீனி என்ற டாக்டர் 1700-ல் தொழிலாளர் வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'உன் தொழில் என்ன?' என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் டாக்டர்களுக்குச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி நம் ஊருக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

சட்டத்தில் இடமில்லையா என்றால் இருந்திருக்கிறது. நான் கிளார்க், அட்டவணை தேடுவது பழக்கம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய வியாதிகளில் ஒன்றாக, ரசாயனமும் பெயிண்டும் பட்டு வரும் தோல் அழற்சியைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் சமையலறை தொழிற்சாலை இல்லை. வீட்டுத் திண்ணையில் கூலிக்குப் பூண்டு உரிப்பதும் தொழிற்சாலை இல்லை. மேஸ்திரியோடு ஊர் ஊராகப் போகும் கொத்தனாரும் அந்த அட்டவணைக்குள் வர மாட்டார்.

கேள்வி கேட்காததன் விலை அந்த ட்யூப்தான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கும் பல களிம்புகளில் கடுமையான ஸ்டீராய்டு இருக்கிறது. ஸ்டீராய்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1950-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள், என் கை ஆறியதிலும் அதற்குப் பங்கு உண்டு. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன வாரங்கள், பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். கணக்கில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும். எக்ஸிமா இல்லாமல் அது படையாக இருந்துவிட்டால், அரிப்பு அடங்கியது போலத் தெரிந்து, படை உள்ளே பரவும். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, ட்யூப் கவுண்டரில் இருக்கிறது.

நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் காய்ந்த தோலுக்கு நல்லதுதான். ஆனால் படைக்கும் அரிப்புக்கும் பச்சைப் பூண்டை அரைத்துப் பற்றுப் போடும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பச்சைப் பூண்டு தோலை வேகவைத்துவிடும்.

எனக்குப் பலன் தந்ததையும் எழுதிவிடுகிறேன். வெந்நீரில் கை கழுவுவதில்லை. கழுவியதும் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதும் காயும் முன்னே வாசலின் தடவிவிடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவினாலும் அத்தனை தரமும். பாத்திரம் தேய்க்க, உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. மோதிரத்தைக் கழற்றிவிட்டேன், அதன் அடியில் சோப்பு தங்கும். ராத்திரி வாசலின் பூசிப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுப்பேன். பேரப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கை பார்வைக்கு ஆறின பிறகும் தோலின் உள்ளே பலம் திரும்பப் பல மாதம் ஆகும், அதனால் இதையெல்லாம் விடக்கூடாது என்றார் டாக்டரம்மா. நான் இன்னும் விடவில்லை.

இன்னொன்று, முக்கியமானது. எக்ஸிமா ஒட்டுவாரொட்டி இல்லை. கையில் வெடிப்பைப் பார்த்ததும் கொடுத்த தண்ணீரை வாங்கத் தயங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தைப் பார்த்தபின் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்ட ஒரு பெண்ணையும் பார்த்தேன். வெடிப்பைவிட அந்த மறைப்பு வலிக்கும். அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் அது வேறு விஷயம். அதற்கும் பயப்பட வேண்டாம், அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால் இலவச மருந்தில் குணமாகும்.

கடைசியாக, ஒரு கிளார்க்கின் கோரிக்கை. ஆபீஸ் வாழ்க்கையில் நான் கற்றது இது. படிவத்தில் கட்டம் இருந்தால்தான் கேள்வி கேட்கப்படும். கட்டம் இல்லாத விஷயம் எவ்வளவு பெரியதானாலும் ஃபைலில் ஏறாது. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் பெயர், வயது, பாலினத்தோடு 'கை செய்யும் வேலை' என்று ஒரு கட்டம் போடலாம். செலவு ஒன்றுமில்லை, அச்சு மை மட்டும்தான். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அப்படி வருகிறவர்கள், "அம்மா, கையைக் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். முந்திரி உடைக்கும் தெருவிலும் கொத்தனார் குடியிருக்கும் தெருவிலும் கட்டாயம் கேட்க வேண்டும்.

கட்டம் வரும்வரை நாமே போட்டுக்கொள்வோம். கை அரிப்புக்கு டாக்டரிடம் போகிறவர்கள், காலையிலிருந்து ராத்திரிவரை அந்தக் கை தொடுகிற எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். சோப்பின் பெயர், உரித்த காய், தெளித்த மருந்து, எல்லாம். எந்தக் கை என்பதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டம்மாவுக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். பென்ஷன் வாங்கும் நமக்கு அதற்கு நேரம் இருக்கிறது.