ஆங்கிலப் பாடல்களை மட்டும் பிரிக்கலாமா?

கும்பியா, கொலம்பியாவின் கரீபியக் கடலோரத்தில் பிறந்த இசை. பழங்குடியினரின் குழலும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் முரசும், ஸ்பானியர்களின் மொழியும் அதில் கலந்துள்ளன. 20ஆம் நூற்றாண்டில் அது மெக்சிகோவுக்குப் பரவி, எல்லை கடந்து அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தையும் அடைந்தது. அங்கே கார்பஸ் கிறிஸ்டி நகரில் உருவான ‘கும்பியா கிங்ஸ்’ குழுவினர், அந்தத் தாளத்தோடு ஆர் அண்ட் பி, ஹிப் ஹாப் இசையையும் சேர்த்தனர். 1999ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களின் முதல் இசைத்தொகுப்பின் பெயருக்கு ‘அன்பு, குடும்பம், மரியாதை’ என்று பொருள். அதில் ஸ்பானியப் பாடல்களோடு ஆங்கிலப் பாடல்களும் இடம்பெற்றன.

இத்தகைய குழுவின் ஆங்கிலப் பாடல்களை மட்டும் திரட்டித் தனித்தொகுப்பாக வெளியிடுவது சரியா? “ஸ்பானிய மொழி தெரியாதவரும் கேட்டு மகிழலாமே” என்பர் சிலர். அதை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆயினும், அப்படிப் பிரிக்கும்போது முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது என்றே கருதுகிறேன்.

குழுவின் தலைவர் ஏ.பி. கின்டானியா, புகழ்பெற்ற பாடகி செலினாவின் அண்ணன். தங்கையின் குழுவில் பாஸ் கித்தார் வாசித்ததோடு, அவருக்காகப் பாடல்களும் இயற்றியவர். அவ்வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசியே வளர்ந்தனர். சிறுமி செலினா, தந்தையின் துணையோடு ஸ்பானியப் பாடல்களை ஒலி ஒலியாக மனனம் செய்துதான் பாடினார். மொழியைப் பின்னரே கற்றார். மெக்சிகோ செய்தியாளர்களிடம் அம்மொழியிலேயே பேசினார். தவறு நேர்ந்தால் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்.

வீட்டுமொழி ஏன் இப்படி மெலிந்தது? 1918ஆம் ஆண்டு டெக்சஸில் இயற்றப்பட்ட சட்டம், பள்ளியில் ஆங்கிலம் தவிர்த்த மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கியது. அந்நிலை 1969ஆம் ஆண்டு வரை நீடித்தது. பள்ளியில் ஸ்பானியம் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அடிவாங்கியவர்கள் பெற்றோரானபோது, தம் பிள்ளைகளிடம் அம்மொழியைப் பேசத் தயங்கினர். ஆனால், திருமண விருந்திலும் நடன அரங்கிலும் அது பாட்டாக வாழ்ந்தது.

ஆகவே, இவர்களுக்கு ஆங்கிலம் எளிதாக வந்தது. ஸ்பானியமோ முயன்று மீட்டது. எளிதாக வந்ததை மட்டும் கேட்பவருக்கு அந்த முயற்சி எப்படித் தெரியும்? அதே வேளையில், ஆங்கிலத்தில் பாடியதால் கும்பியா கெட்டுவிட்டது என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. (கும்பியா எந்தக் காலத்தில் கலப்பற்று இருந்தது?)

செலினாவின் மறைவுக்குப் பின், 1995ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான தொகுப்பில் இருமொழிப் பாடல்களும் இருந்தன. அமெரிக்காவின் ‘பில்போர்டு 200’ பட்டியலில் அது நேராக முதலிடம் பிடித்தது. மொழி புரியவில்லை என்று கேட்பவர்கள் விலகிவிடவில்லை.

தொகுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், ஒவ்வோர் ஆங்கிலப் பாடலுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்பானியப் பாடலை வைப்பேன். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் அந்த இடத்தைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.