தேட முடியாத அவைக் குறிப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை இணையத்தில் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது முற்றிலும் சரி. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் மீதான விவாதம் ஒரு வழக்குக்காக எனக்குத் தேவைப்பட்டது. ஓர் இணையதளத்தில் கிடைத்தது. ஆனால் பக்கங்கள் எல்லாமே படங்கள். உறுப்பினர் பெயரையோ பிரிவு எண்ணையோ தட்டித் தேட வழியில்லை. கோணலாக நகலெடுத்ததில் தையல் ஓரத்து எழுத்துகள் பாதி காணாமல் போயிருந்தன.

பிற்காலக் கோப்புகளின் சங்கடம் வேறு. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்பதற்கு முன் தட்டச்சானவை பலவும் பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான். காகிதமாவது கரையான் அரிக்கும்வரை தாங்கும்!

அரசியல் நிர்ணய சபையின் 1946–49 விவாதங்களை இன்று சொல் சொல்லாகத் தேடிப் படிக்க முடிகிறது. சட்டமன்றக் குறிப்புகளையும் எழுத்துணரி மென்பொருள் கொண்டு மாற்றி, ஆள் வைத்துப் பிழை திருத்தி, பழைய கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவர அரசு முன்வர வேண்டும். அதன்பிறகும் அசல் தொகுதிகளை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

– வழக்கறிஞர் ஒருவர், கும்பகோணம்