சொன்னாரா, ஒப்புக்கொண்டாரா?

ஆங்கிலம் படிக்கும் இந்தியப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே ஊட்டப்படும் பாடம் ஒன்று உண்டு: ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதாதே. கட்டுரை நோட்டில் ஒரு பக்கத்துக்குள் நாலு முறை 'ஸெட்' வந்துவிட்டால் டீச்சரின் சிவப்பு மை பாயும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் தன் பங்குக்கு, நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது கட்டளை என்றால் 'ஆர்டர்டு', வேண்டுகோள் என்றால் 'ரிக்வெஸ்டட்', வியப்பு என்றால் 'எக்ஸ்க்ளெய்ம்டு' என்று பழக்கிவிடுகிறது. இந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்து நிருபர்களாகிறார்கள். பழக்கம் மட்டும் போவதில்லை.

அதனால்தான் இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளில் யாரும் சும்மா சொல்வதில்லை. அறிஞர்கள் 'ஒபைன்' செய்கிறார்கள். தோற்ற கேப்டன் 'லமென்ட்' செய்கிறார். மந்திரி எதிர்க்கட்சியை 'ஸ்லாம்' செய்ய, எதிர்க்கட்சி பதிலுக்கு 'ஃப்ளே' செய்கிறது. அதாவது தோலை உரிக்கிறது. மறுநாள் இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

வார்த்தையை மாற்ற வேண்டும் என்பதற்காகவே மாற்றும் இந்த ஆசையை இங்கிலாந்தின் ஃபௌலர் சகோதரர்கள் 1906லேயே கிண்டல் செய்துவிட்டார்கள். அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனார்ட் 2001இல் வெளியிட்ட எழுத்து விதிகளில், உரையாடலுக்கு 'ஸெட்' தவிர வேறு வினைச்சொல்லே கூடாது என்றார். கதையில் இது ரசனை சம்பந்தப்பட்ட சங்கதி. செய்தியில் அப்படியல்ல. அங்கே வினைச்சொல்தான் தீர்ப்பு.

'க்ளெய்ம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் 'க்ளெய்ம்' செய்தார் என்று எழுதினால், 'இவர் பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள்' என்று வாசகரின் காதில் ஓதுவதாக அர்த்தம். 'பாயின்டட் அவுட்' என்றால் நேர் எதிர். சொன்னது உண்மை என்று பத்திரிகையே முத்திரை குத்துகிறது. துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்துபோகும் செய்திகளைப் படித்தால் பாரபட்சம் புரியும். தற்காப்புக்காகச் சுட்டதாக அதிகாரிகள் 'ஸெட்'. வீட்டிலிருந்து இழுத்துப் போனதாக உறவினர்கள் 'அலெஜ்டு'. அந்த நிமிடத்தில் இரண்டு தரப்பு பேச்சும் நிரூபிக்கப்படாதவைதான். ஆனால் ஒன்று தகவலாகவும் மற்றொன்று புகாராகவும் அச்சேறிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை 'ரெஃப்யூட்'. குற்றச்சாட்டை ஆதாரத்தோடு முறியடித்தார் என்பதுதான் இதன் பழைய பொருள். நம் பத்திரிகைகளிலோ வெறுமனே 'இல்லை' என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப்போன மந்திரிக்கும் இதே சொல்தான். 'டினைடு' என்று எழுதியிருந்தால் மறுத்தார், அவ்வளவுதான். 'ரெஃப்யூட்டட்' என்றதும் ஒரு விசாரணைக் கமிஷன் செய்ய வேண்டிய வேலை அரை நொடியில் முடிந்துபோகிறது.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானது 'கன்ஃபெஸ்டு'.

2017 செப்டம்பர் 8ஆம் தேதி, தில்லியை ஒட்டிய குருகிராமில் ஒரு பள்ளியின் கழிப்பறையில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். அன்றே பள்ளி பஸ்ஸின் கண்டக்டர் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாக ஹரியானா போலீஸ் அறிவித்தது. டிவி காமிராக்களின் முன்பும் அவர் அப்படியே பேசினார். நாடு முழுக்க அந்த வினைச்சொல் பறந்தது. பிறகு வழக்கு சிபிஐ கைக்கு மாறியது. நவம்பரில் அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் பிடிபட்டான். தேர்வையும் பெற்றோர் சந்திப்பையும் தள்ளிப்போடச் செய்த வேலை என்றது சிபிஐ. அடித்து உதைத்துச் சொல்லவைத்தார்கள் என்றார் கண்டக்டர். இரண்டு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்த அவரை 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் வழக்கிலிருந்தே விடுவித்தது. அவரைப் பொய்யாகச் சிக்கவைத்ததாக 2021இல் போலீஸ் அதிகாரிகள் நால்வர் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இத்தனைக்கும், போலீஸிடம் சொன்ன குற்ற ஒப்புதல் இந்திய நீதிமன்றத்தில் பொதுவாகச் செல்லாது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு இதைத்தான் சொன்னது. 2024 ஜூலை முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது. போலீஸ் காவலில் இருப்பவரின் ஒப்புதல் செல்ல வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன்னிலையில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அந்த வாக்குமூலத்தால் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும் விலக்கு. தடா சட்டமும் பொடா சட்டமும் எஸ்பி அந்தஸ்து அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றன. தடா 1995இல் காலாவதியானது. பொடாவை 2004இல் ரத்து செய்தார்கள்.

ஆங்கிலேய ஆட்சியே இப்படித் தன் போலீஸை நம்பாமல் போனதற்குப் பின்னால் சென்னை ராஜதானியின் கதையும் உண்டு. வரி வசூலிலும் விசாரணையிலும் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்த கமிஷன் 1855இல் அறிக்கை தந்தது. ஒப்புதலைத் தடுக்கும் விதி 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதலில் நுழைந்தது. அந்த சென்னை அறிக்கையின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'அலெஜ்டு' இருக்கிறது: விசாரணை சித்திரவதைகளைப் பற்றியதல்ல, 'சொல்லப்படும்' சித்திரவதைகளைப் பற்றியதாம். அரசாங்கத்துக்கு வார்த்தையின் எடை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு ஒரு வசதி உண்டு. 'என்றார்' என்ற சொல் கண்ணுக்கே தெரியாது; பத்து முறை வந்தாலும் உறுத்தாது. சந்தேகத்தைக் காட்ட வேண்டுமானால் ஓர் 'ஆம்' போதும்: வந்தாராம், கொடுத்தாராம். ஆங்கிலத்தில் இதற்குத் தனி வார்த்தையே தேட வேண்டும். (இந்த 'ஆம்' கொஞ்சம் கூடினால் நக்கலாகிவிடும் என்பதும் உண்மை.) இப்படி ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ் அறையில் யாரோ எதையோ சொன்னதாக வரும் குறிப்புக்கு 'பரபரப்பு வாக்குமூலம்' என்று தலைப்பிடுகிறோம். பேப்பர் வாங்குகிறவருக்கு வாக்குமூலம் என்றால் கோர்ட். கோர்ட் என்றால் முடிந்த கதை.

போலீஸ் அதிகாரிகள் பத்திரிகைகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு விரிவான நெறிமுறை தயாரிக்கும்படி 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதிகாரி எவ்வளவு அளந்து பேசினாலும் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது இரவு ஷிஃப்டில் இருக்கும் உதவி ஆசிரியர்தான். அவர் முன்னால் இரண்டு தலைப்புகள் இருக்கும். 'கொலையை ஒப்புக்கொண்டார் கண்டக்டர்' என்பது ஒன்று. 'கண்டக்டர் ஒப்புக்கொண்டதாக போலீஸ் கூறுகிறது' என்பது மற்றொன்று. இரண்டாவது, ஒரு காலத்தில் அடங்காமல் இரண்டு வரி கூடுதலாக ஓடும்.