படத்துக்குக் கீழே ஒரு சொல்

கட்டணம் செலுத்தவோ சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவோ ஓர் இணையதளத்தைத் திறந்தால், வழிகாட்ட வரிசையாகப் படங்கள்தான் நிற்கின்றன. பூதக்கண்ணாடி என்றால் தேடல் என்பது பழகிவிட்டது. மணிப் படம் எதற்கு? அறிவிப்பைப் பார்க்கவா, புகார் சொல்லவா? ரூபாய்க் குறியை அழுத்தினால் பணம் கட்ட வேண்டிவருமா, கட்டியதற்கு ரசீது வருமா? பணம் புழங்கும் இடத்தில் எதையும் அழுத்திப் பார்க்க மக்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. மூலையில் இருக்கும் மூன்று கோடுகளை 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தவர் நார்ம் காக்ஸ். அந்தக் கோடுகளுக்குள் பட்டியல் இருக்கிறது என்பதை யாராவது சொல்லித்தந்தால்தான் தெரியும். அதே கணினியில் கோப்புகளைக் குறித்த படங்கள் பெயரோடுதான் இருந்தன. பெயரை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் இன்றைய சிக்கல்.

படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம்தானே வழி என்று கேட்கலாம். வலுவான கேள்விதான், நம் தேர்தல் சின்னங்களே அதற்குச் சான்று. 1951-52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். ஆனால் அந்தச் சின்னம் தானாகப் பேசவில்லை. சுவரிலும் மேடையிலும் திரும்பத் திரும்பக் காட்டி வாக்காளர் மனதில் பதியவைத்த பிறகே அது வாக்குச்சாவடிக்குள் வந்தது. இன்று வாக்குப்பதிவு இயந்திரத்தில்கூடச் சின்னத்தோடு வேட்பாளரின் பெயரும் புகைப்படமும் இருக்கின்றன. இணையதளத்தின் மணிப் படத்துக்கு யாரும் பிரச்சாரம் செய்வதில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு சொல் இருந்தால், படிக்கத் தெரியாதவர் அருகில் இருப்பவரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

சுட்டியை மேலே கொண்டுபோனால் பெயர் தெரியுமே என்பார்கள். கைப்பேசியில் சுட்டி ஏது? பார்வையற்றவரின் நிலை இன்னும் மோசம். படத்தோடு மாற்று உரை சேர்க்காவிட்டால், திரைவாசிப்பான் வெறுமனே ‘பொத்தான்’ என்றோ, பொருளற்ற கோப்புப் பெயரையோ படிக்கும். படங்களுக்கு இணையான உரை வேண்டும் என்பதை 1999லேயே உலகளாவிய வலை அணுகல் நெறிமுறைகள் முதல் விதியாக வைத்தன. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தமிழ் எழுத்துரு ஆளுக்கொன்றாக இருந்த நாட்களில், உரைக்குப் பதிலாகச் சொற்களையே படமாக்கி ஒட்டியதற்குக் காரணம் இருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) வந்த பிறகு அந்தக் காரணமும் போய்விட்டது.

சொல் சேர்த்தால் திரை நெரிசலாகும், தமிழ்ச் சொற்கள் நீளம் என்ற மறுப்பு மிச்சமிருக்கிறது. ‘கட்டணம்’, ‘ரசீது’, ‘புகார்’ இவற்றில் எது நீளம்? ‘குறைதீர்ப்பு மனுப் பதிவு’ என்று அலுவலக நடையில் எழுதினால்தான் இடம் போதாது. அப்படியும் போதாவிட்டால், மக்கள் அதிகம் தேடிவரும் ஐந்தாறு சேவைகளை மட்டும் பெயரோடு முகப்பில் வைத்து, மற்றவற்றை ‘மேலும்’ என்ற ஒரே பொத்தானுக்குள் வைக்கலாம்.