படக்கதை படிப்பது பழியா?

தமிழில் பட்டம் பெற்று ஆய்வுப் படிப்பில் அடியெடுத்து வைத்த இளைஞன் ஒருவன், கோலாலம்பூரில் நள்ளிரவிலும் திறந்திருக்கும் மாமாக் கடை ஒன்றில் அமர்ந்திருக்கிறான். அவன்முன் ஒரு ரொட்டி சானாய்; ஒரு குவளை தே தாரிக்; பக்கத்தில் பழுப்பேறிய படக்கதை நூல் ஒன்று. இக்காட்சியைக் காணும் தமிழாசிரியர் என்ன சொல்கிறார்? "தொல்காப்பியம் ஏந்த வேண்டிய கையில் பொம்மைப் புத்தகமா? படிக்க வந்தவன் கடையில் உட்கார்ந்து பொழுதைக் கொல்லலாமா?" என்று நெற்றியைச் சுருக்குகிறார். அந்த ஆசிரியரின் தமிழ்ப்பற்றை நான் ஐயுறவில்லை. அவர் வழங்கும் தீர்ப்பு தவறானது என்றே சொல்கிறேன்.

அண்மையில் ஓர் ஆய்வுத் திட்டக் கூட்டத்தில் நான் பார்வையாளனாக இருந்தேன். தமிழ்ப் படக்கதைகளின் மொழிபெயர்ப்பை ஆராய விரும்புவதாக ஒரு மாணவன் எழுந்து சொன்னான். "இதற்குமா ஆய்வு?" என்று அறிஞர் ஒருவர் வினவினார். அவை சிரித்தது. மாணவனும் சிரித்து வைத்தான். அடுத்த முறை அவன் வந்தபோது, ஏற்கனவே பலர் உழுத நிலத்தில் ஒரு தலைப்பை எடுத்து வந்திருந்தான். அவை மகிழ்ந்து தலையசைத்தது. ஒருவன் தன் உள்ளம் விரும்பிய தமிழை மறைத்துக்கொண்டு, நாம் விரும்பும் தமிழைக் காட்டக் கற்றுக்கொண்டான். இதனையா நாம் கல்வி என்கிறோம்?

அம்மாணவனின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் நூலகம்; நண்பகலில் மேற்பார்வையாளர் தரும் வேலை; மாலையில் பேருந்தேறிச் சென்று இரண்டு வீடுகளில் துணைப்பாடம் கற்பித்தல். அறை திரும்பும்போது இரவு பத்து மணி. விடுதியறையில் சமைக்க வழியில்லை. ஆகவே கடைக்குப் போகிறான். அங்கே அவனைப் போன்ற நால்வர் வருகின்றனர். ஒருவர் கொண்டு வந்த பழைய படக்கதை மற்றவர் கைக்கு மாறுகிறது. கதையை அலசுகின்றனர், மொழிபெயர்த்தவரின் சொல்லாட்சியைப் பற்றி வாதிடுகின்றனர். நாள் முழுதும் கடமைக்காகத் தமிழ் படித்தவன், மதிப்பெண்ணோ ஊதியமோ கருதாமல் தமிழ் படிக்கும் ஒரே வேளை அது. அந்த வேளையைத்தான் நாம் பழிக்கிறோம்.

படக்கதைக்கு எதிரான முதற் குற்றச்சாட்டு, படம் பார்ப்பது சிறுபிள்ளைத்தனம் என்பது. அப்படியானால் நம் முன்னோர் அனைவரும் சிறுபிள்ளைகளே! போரில் வீழ்ந்த மறவனுக்கு எடுத்த நடுகல்லில் அவன் உருவத்தையும் பொறித்தனர். பெயரையும் பீடையும் எழுத்தால் பொறித்தனர். படமும் எழுத்தும் சேர்ந்தே அவன் கதையைச் சொல்லின. இரண்டாம் இராசராசன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், தாராசுரத்தில் எழுந்த ஐராவதேசுவரர் கோயிலைச் சென்று பாருங்கள். நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு கற்கட்டங்களாக வரிசையில் செதுக்கப்பட்டுள்ளன. இன்னார் கதை என அறிவிக்கும் எழுத்துகளும் உண்டு. கட்டம் கட்டமாகப் படம், அதனோடு எழுத்து. இதற்குப் பெயர் என்ன, ஐயா? கல்லில் இருந்தால் கலை, தாளில் இருந்தால் குப்பையா? தொடக்கப்பள்ளியில் படங்களைக் காட்டிக் கட்டுரை எழுதச் சொல்பவர்களும் நாமேயல்லவா? எட்டு வயதில் அறிவை வளர்த்த படம் இருபத்தெட்டு வயதில் அறிவைக் கெடுத்துவிடுமா?

இரண்டாம் குற்றச்சாட்டு, இவை அயல்நாட்டுச் சரக்கு. இளைஞரைக் கெடுப்பவை என்பது. அயல்நாட்டுச் சரக்கு என்பது பெரும்பாலும் உண்மையே. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, இரும்புக்கை மாயாவியே அதன் நாயகன். அக்கதை 1962இல் இலண்டன் வார இதழ் ஒன்றில் தோன்றியது. அதற்கு ஓவியம் தீட்டியவர் செசுசு பிளாசுகோ என்னும் இசுபானியர். ஆயினும் இலண்டனில் பிறந்த மாயாவி சிவகாசியில் தமிழ் கற்றுக்கொண்டு நம் இளைஞன் கைக்கு வந்து சேர்ந்ததில் தமிழுக்கு என்ன இழப்பு? டூமாவையும் டால்ஸ்டாயையும் தமிழில் தந்தவரைப் பாராட்டும் நாம், மாயாவியைத் தமிழில் பேச வைத்தவரை ஏன் மறந்தோம்?

கெடுப்பவை என்பதற்கு வருவோம். 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தம் என்பார், படக்கதைகளே சிறாரைக் குற்றவாளிகளாக்குகின்றன என நூல் எழுதினார். அந்நாடே அஞ்சியது. அதே ஆண்டில் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கடுமையான தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். 2012இல் கரோல் டில்லி என்னும் ஆய்வாளர் வெர்தமின் கையெழுத்துக் குறிப்புகளை ஆராய்ந்து, இளைஞர் கூற்றுகளை அவர் தம் கருத்துக்கேற்பத் திரித்திருந்ததை வெளிப்படுத்தினார். அந்த அச்சத்தின் வேர் இத்தகையது. அதனை இன்னும் நாம் சுமந்து திரிவது தகுமா?

படக்கதைகளில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. 1936இல் லீ பாக் படைத்த முகமூடி வீரனின் கதையில், வெள்ளையன் ஒருவன் காட்டு மக்களுக்குக் காவலனாகவும் நடுவனாகவும் நிற்கிறான். குடியேற்றவாதத்தின் நஞ்சு அதில் கலந்தே இருக்கிறது. ஆனால் அந்நஞ்சை மாணவனுக்குக் காட்டித் தர வேண்டியவர் யார்? ஆசிரியரே. ஒளித்துப் படிக்க வைத்தால் நஞ்சும் சேர்ந்தே உள்ளே போகும். வகுப்பில் விரித்து வைத்து வினா எழுப்பினால் திறனாய்வு பிறக்கும்.

மூன்றாவது குற்றச்சாட்டு, படக்கதையின் தமிழ் மட்டமான தமிழ் என்பது. இதைச் சொல்பவரை ஒரு பக்கம் மொழிபெயர்த்துப் பார்க்க அழைக்கிறேன். பேச்சு அடங்கும் வட்டத்தில் ஆறேழு சொற்களுக்கே இடமுண்டு. அதற்குள் வீரனின் சினமும் வர வேண்டும். பகைவனின் நயவஞ்சகமும் வர வேண்டும். கதவு அறைவதற்கும் துப்பாக்கி வெடிப்பதற்கும் கண்ணாடி நொறுங்குவதற்கும் தனித்தனி ஒலிக்குறிப்புச் சொற்கள் வேண்டும். இரட்டைக் கிளவியைத் தொல்காப்பியர் வகுத்துரைத்ததை மனப்பாடம் செய்விக்கும் நாம், ஒலியைச் சொல்லாக்கும் அதே ஆற்றல் இன்றும் உயிரோடு உலவும் இடத்தைக் காண மறுக்கிறோம். சிக்கனமாகச் சொல்வதற்குப் பயிற்சி தரும் பாடம் இதனினும் வேறு உண்டோ?

இனி, உணவகத்தில் அமர்வது பற்றிய பழி. 'தின்றே கெட்டான்' என்று சொல்வோர் பெரும்பாணாற்றுப்படையை மீண்டும் ஒருமுறை புரட்டட்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனுக்கு வழிமட்டுமா சொன்னார்? எயினர் குடியில் உடும்புப் பொரியல் கிடைக்கும். ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும் கிடைக்கும். உழவர் குடியில் வெண்சோறும் கோழிக்கறியும் கிடைக்கும் என்று இடந்தோறும் உணவைச் சொல்லியன்றோ அனுப்பினார்! யார் என்ன உண்டனர் என்பதன் வழியே ஒரு நாட்டின் வாழ்வை அவர் வரைந்து காட்டினார். நம் மாணவன் அமர்ந்திருக்கும் கடையும் அத்தகைய ஏடே. மாமா என்னும் தமிழ் முறைப்பெயரே மாமாக் என்று மலாயில் நிலைத்தது. கடை அங்கே கெடாய் ஆயிற்று. கறி காரி ஆயிற்று. அப்பம் அப்பாம் ஆயிற்று. தோளில் காவடித்தண்டு சுமந்து சோறு விற்ற தமிழ் முசுலிம்களின் உழைப்பே பினாங்கில் நாசி கண்டார் என்னும் பெயராக நிற்கிறது. இந்நாட்டில் தமிழன் வாழ்ந்த வரலாற்றைச் சொல்லும் அக்கடையில் ஓர் ஆய்வு மாணவன் அமர்வது பொழுதுபோக்கு என்றால், அப்பொழுது நன்றாகவே போகட்டும்!

நம் அண்டை அயலாரையும் சற்றே பார்ப்போம். லாட் என்னும் மலாய் ஓவியர் 1979இல் 'கம்போங் பாய்' என்னும் படக்கதை நூலை வெளியிட்டார். பேராக்கில் ஒரு சிற்றூர்ச் சிறுவன் வளர்ந்த கதை, உலகம் அறிந்த நூலாயிற்று. சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சன்னி லியூ, 2015இல் சிங்கப்பூர் வரலாற்றையே ஒரு கற்பனை ஓவியனின் வாழ்க்கையாக வரைந்தார். அதற்கு வழங்கிய மானியத்தைத் தேசியக் கலைகள் மன்றம் மீட்டுக்கொண்டது. ஆயினும் 2016இல் அந்நூல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. 2017இல் மூன்று ஐசுனர் விருதுகளையும் பெற்றது. அமெரிக்காவில் யூதரின் துயரத்தை எலிகளின் கதையாக வரைந்த ஆர்ட் சுபீகல்மன் 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றார். சிற்றூர் வாழ்வும் ஒரு நாட்டின் வரலாறும் ஓர் இனத்தின் பேரழிவும் படக்கதையில் அடங்குமாயின், இரப்பர்த் தோட்டத்து லயத்து வீடும், விடியலில் ஒலித்த பெரட்டு மணியும், சயாம் மரண இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தமிழர்களும் ஏன் அதில் அடங்கக்கூடாது? அவற்றை வரையப் போகும் கை, இன்று யாரோ ஓர் ஆசிரியருக்கு அஞ்சி மேசைக்கடியில் படக்கதையை மறைத்துக்கொண்டிருக்கலாம்.

தமிழாசிரியப் பெருமக்களே! தேர்வு முடிந்த மறுநாளே தமிழ் நூலை மூடிவிடும் மாணவரைப் பற்றி நாம் மேடைதோறும் வருந்துகிறோம். ஆனால் தேர்வுக்கு வெளியே ஒருவன் தமிழ் நூலைத் திறக்கும்போது, அது நாம் தேர்ந்த நூல் அன்று என்பதற்காக அவனைத் தலைகுனிய வைக்கிறோம். மதிப்பெண்ணுக்குரிய தமிழைக் காத்துக்கொண்டு, மகிழ்ச்சிக்குரிய தமிழைக் கைவிட்டால் நம் கையில் எஞ்சுவது வினாத்தாள் மட்டுமே.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பள்ளி நூலகத்தில் படக்கதைக்கென ஒரு தட்டு ஒதுக்குங்கள். உரையாடல் எழுதும் பாடத்துக்கு ஒரு படக்கதைப் பக்கத்தைச் சொற்களை அழித்துவிட்டுக் கொடுங்கள், மாணவர் நிரப்பட்டும். ஆய்வு மாணவன் படக்கதையைத் தலைப்பாகக் கொண்டு வந்தால், சிரிக்குமுன் ஒரு நூலையேனும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். படக்கதையோடு நின்றுவிடாதீர்கள். தாராசுரத்துக் கல்லைக் கண்டவன் பெரியபுராணத்தைத் தேடிப் போவான். உணவின் சுவை அறிந்தவன் ஆற்றுப்படையைத் தேடிப் போவான். நீங்களும் போங்கள். ஆனால் போகும்போது கையிலிருக்கும் படக்கதையை மறைக்காதீர்கள். அதனை மேசைமேல் வையுங்கள். அந்தப் பக்கமாக வரும் ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமரட்டும். அவருக்கும் ஒரு தே தாரிக் சொல்லுங்கள்.